அட்வான்ஸ் அனுப்பும் முன்: வெளிநாட்டுத் தொழிற்சாலையை மொபைலிலேயே சோதிப்பது எப்படி?

மொபைல் உதிரிப்பொருள் கடை வைத்திருக்கிறீர்கள். சொந்த பிராண்டில் 500 பவர் பேங்க் இறக்கி விற்கலாம் என்று ஆசை. இணையச் சந்தையில் தேடினால், சீனாவின் ஷென்ஜென் நகரத்திலிருந்து ஒரு நிறுவனம் நல்ல விலை சொல்கிறது. "30 சதவீதம் அட்வான்ஸ் போடுங்க, சரக்கு உடனே ரெடியாகிடும்" என்று சாட்டில் செய்தியும் வந்துவிட்டது. அனுப்பலாமா?

கொஞ்சம் பொறுங்க. உள்ளூரில் பணம் மாட்டிக்கொண்டால் நேரில் போய்க் கேட்கலாம். வெளிநாட்டுக்குப் போன பணத்தைத் திரும்ப வாங்குவது அவ்வளவு லேசு இல்லை. இங்கே வழக்குப் போட்டு ஜெயித்தாலும், அந்தத் தீர்ப்பை சீனாவில் நேரடியாக நிறைவேற்ற முடியாது. அதனால் சரிபார்ப்பை அட்வான்ஸுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். அதில் பெரும்பகுதியை உங்கள் மொபைலிலேயே செய்யலாம்.

1. நிறுவனம் உண்மையில் இருக்கிறதா?

சீனாவில் பதிவுபெற்ற ஒவ்வொரு நிறுவனத்திடமும் அரசு வழங்கிய வணிக உரிமச் சான்று இருக்கும். அதன் படத்தைக் கேட்டு வாங்குங்கள். சீன மொழியில்தான் இருக்கும். கவலை வேண்டாம், கூகுள் லென்ஸில் காட்டினால் மொழிபெயர்த்துவிடும். மூன்று விஷயங்களைப் பாருங்கள்: 18 இலக்கப் பதிவுக் குறியீடு, தொடங்கிய தேதி, தொழில் வகை. தொழில் வகையில் 'உற்பத்தி' இல்லாமல் 'விற்பனை' மட்டும் இருந்தால், அவர் இடைத்தரகராக இருக்க வாய்ப்பு அதிகம். தரகர் என்பது குற்றமில்லை. ஆனால் "சொந்தத் தொழிற்சாலை" என்று சொல்லியிருந்தால், முதல் பேச்சிலேயே பொய் என்று ஆகிறது.

அந்த 18 இலக்கக் குறியீட்டை, சீன அரசு நடத்தும் நிறுவனப் பதிவுத் தகவல் இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். ஒன்றை மறக்காதீங்க: அங்கே சட்டப்படி செல்லுவது சீன மொழிப் பெயர்தான். ஆங்கிலப் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

2. பெயர் மூன்று இடத்திலும் ஒன்றா?

உரிமச் சான்று, விலைப்பட்டியல் (புரோஃபார்மா இன்வாய்ஸ்), வங்கிக் கணக்கு ஆகிய மூன்றும் ஒரே நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் சீன மொழிப் பெயருடன் நிறுவனத்தின் முத்திரையும் இருக்கட்டும். தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

"எங்க அக்கவுண்ட் ஆடிட்டில் இருக்கு, புது அக்கவுண்டுக்கு அனுப்புங்க" என்று திடீரென மின்னஞ்சல் வந்தால், மின்னஞ்சலை யாரோ ஹேக் செய்திருக்கலாம். அந்த மின்னஞ்சலுக்கே பதில் போடாமல், ஏற்கெனவே பேசிய எண்ணில் வீடியோ காலில் அழைத்து உறுதி செய்யுங்கள்.

3. பொருள் நம் நாட்டுக்குள் வரலாமா?

பலர் கோட்டை விடுவது இங்கேதான். பவர் பேங்க், மொபைல் சார்ஜர், எல்.இ.டி. விளக்கு போன்றவற்றுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) கட்டாயப் பதிவு வேண்டும். விற்பவரிடம் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணைக் கேளுங்கள். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய பதிவு, எந்தப் பொருளுக்கு என்று தெரிந்துவிடும்.

இந்தப் பதிவு குறிப்பிட்ட தொழிற்சாலைக்கும், குறிப்பிட்ட பிராண்டுக்கும் உரியது. வேறு தொழிற்சாலையின் எண்ணை உங்கள் பெட்டியில் அச்சடித்துக் கொடுத்தால் செல்லாது. உங்கள் பிராண்ட் பெயரையும் அந்தத் தொழிற்சாலை தன் பதிவில் சேர்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சரக்கு சுங்கத்தில் நின்றுவிடும். திருப்பி அனுப்பும் செலவும் அழிக்கும் செலவும் உங்கள் தலையில்தான்.

பொம்மை இறக்குமதி செய்பவர்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அதன் உரிம எண்ணையும் இதே செயலியில் பார்க்கலாம்.

4. மாதிரியும் சரக்கும் ஒன்றா?

முதலில் காசு கொடுத்து இரண்டு மூன்று மாதிரிகளை வாங்கிச் சோதியுங்கள். பிடித்த மாதிரியை 'இதுதான் அளவுகோல்' என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வீடியோ காலில் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். முன்பே எடுத்த வீடியோ வேண்டாம், "அந்த டெஸ்டிங் மேசைக்குப் போங்க" என்று நீங்கள் சொல்லும் இடத்தைக் காட்டட்டும்.

கப்பல் ஏறும் முன், எஸ்.ஜி.எஸ்., பீரோ வெரிடாஸ், இன்டர்டெக் போன்ற மூன்றாம் தரப்பு நிறுவனங்கள் மூலம் ஆய்வு செய்யலாம். கட்டணம் உண்டு. ஆனால் மொத்தச் சரக்கும் வீணாவதோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகைதான். பவர் பேங்கில் லித்தியம் பேட்டரி இருப்பதால், யு.என். 38.3 என்ற போக்குவரத்துப் பாதுகாப்புச் சோதனை அறிக்கையையும் கேளுங்கள்.

5. பணம் எப்படிப் போகணும்?

முழுத் தொகையையும் முன்கூட்டியே அனுப்பாதீர்கள். 30 சதவீதம் முன்பணம், மீதி 70 சதவீதம் ஆய்வு அறிக்கை வந்த பிறகு என்று பேசுங்கள். பெரிய தொகை என்றால் வங்கியில் கடன் உறுதிக் கடிதம் (எல்.சி.) பற்றிக் கேளுங்கள். எல்.சி.யில் வங்கி ஆவணங்களை மட்டுமே பார்க்கும், பெட்டியைத் திறந்து பார்க்காது. அதனால் தேவையான ஆவணங்களின் பட்டியலில் ஆய்வுச் சான்றையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் பக்கம் என்ன வேண்டும்?

இறக்குமதிக்கு ஐ.இ.சி. எண் கட்டாயம். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் (டி.ஜி.எஃப்.டி.) இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி வீட்டிலிருந்தே பெறலாம். உங்கள் பான் எண்தான் ஐ.இ.சி. எண்ணாகவும் இருக்கும். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குள் விவரங்களை உறுதி செய்ய மறக்காதீர்கள். விட்டால் எண் முடக்கப்படும். வழிகாட்டுதல் வேண்டுமென்றால் உங்கள் மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம்.

ஏமாந்துவிட்டால்?

வெட்கப்பட்டு நாளைக் கடத்த வேண்டாம். உடனே வங்கிக்குச் சொல்லி, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். சாட், விலைப்பட்டியல், பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்காதீர்கள்.

இப்போது அந்த ஷென்ஜென் நிறுவனத்துக்கு ஒரு பதில் அனுப்புங்கள்: "உரிமச் சான்றும் பி.ஐ.எஸ். பதிவு எண்ணும் அனுப்புங்க, பார்த்துட்டு அட்வான்ஸ் போடுறேன்." நேர்மையான தொழிற்சாலை அனுப்பிவிடும். சாக்குச் சொன்னால், உங்கள் அட்வான்ஸ் பணம் தப்பித்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.