நகையை அடகு வைத்து எடுத்த படம்!

கல்கத்தாவில் ஒரு குடும்பம். கணவருக்கு விளம்பரக் கம்பெனியில் படம் வரையும் வேலை. மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும். கவலை இல்லாத வாழ்க்கை.

ஒரு நாள் மனைவியின் நகைகள் அடகுக் கடைக்குப் போயின.

கல்யாணச் செலவுக்கு அல்ல. வைத்தியச் செலவுக்கும் அல்ல. சினிமாப் படம் எடுப்பதற்கு!

அந்தக் கணவர்தான் சத்யஜித் ரே. மனைவியின் பெயர் பிஜோயா. எடுத்த படம் "பதேர் பாஞ்சாலி".

அதில் காதல் இல்லை. நடனம் இல்லை. சண்டை இல்லை. பெயர் பெற்ற நட்சத்திரங்களும் இல்லை. "இப்படி ஒரு படத்தை யார் பார்ப்பார்கள்?" என்று பட முதலாளிகள் கையை விரித்தார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்கள், காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய சாதாரண ரசிகர்கள்!

திருடுபோன சைக்கிள்

ரேயும் ஒரு ரசிகராக இருந்து டைரக்டர் ஆனவர்தான். 1947-ம் ஆண்டு அவரும் நண்பர்களும் சேர்ந்து கல்கத்தாவில் ஒரு திரைப்படச் சங்கம் தொடங்கினார்கள். வெளிநாட்டுப் படங்களை வரவழைத்துப் பார்ப்பார்கள். பார்த்த பிறகு அதைப்பற்றி வாதாடுவார்கள்.

1950-ல் கம்பெனி அவரை லண்டனுக்கு அனுப்பியது. அங்கே இருந்த சில மாதங்களில் ஏறக்குறைய 100 படங்கள் பார்த்துவிட்டார். அவற்றில் ஒன்று அவருடைய வாழ்க்கையையே மாற்றியது. இத்தாலி நாட்டு டைரக்டர் டி சிகா 1948-ல் எடுத்த "சைக்கிள் திருடர்கள்" என்ற படம் அது.

கதை சிறியது. யுத்தம் முடிந்த ரோம் நகரம். எங்கும் வேலை இல்லாத் திண்டாட்டம். ஒருவனுக்குச் சுவரில் விளம்பரம் ஒட்டும் வேலை கிடைக்கிறது. ஆனால், சொந்தமாகச் சைக்கிள் வேண்டும். அவனுடைய சைக்கிளோ அடகில் இருக்கிறது. மனைவி படுக்கை விரிப்புகளை அடகு வைத்து அதை மீட்டுத் தருகிறாள். வேலைக்குப் போன முதல் நாளே அந்தச் சைக்கிள் திருடு போய்விடுகிறது! தகப்பனும் சிறுவனான மகனும் ஊரெல்லாம் தேடி அலைகிறார்கள்.

தகப்பனாக நடித்தவர் நடிகர் அல்ல. ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. பெரும்பாலான காட்சிகளை உண்மையான தெருக்களிலேயே எடுத்தார்கள்.

"நாமும் இப்படி எடுக்கலாமே!" என்ற துணிச்சல் ரேக்கு வந்தது. விபூதிபூஷண் பந்தோபாத்யாயா எழுதிய "பதேர் பாஞ்சாலி" நாவல் முன்பே அவர் மனதில் இருந்தது. அதன் சிறுவர் பதிப்புக்குப் படம் வரைந்தவரே அவர்தான்.

மாடு மேய்ந்த பூ

1952 அக்டோபரில் படப்பிடிப்பு தொடங்கியது. காமிராவுக்குப் பின்னால் நின்ற சுப்ரதா மித்ரா ஓர் இளைஞர். அதற்கு முன் அவர் சினிமாக் காமிராவை இயக்கியதே இல்லை!

முதல் காட்சி, அக்காள் துர்க்காவும் தம்பி அப்புவும் ரெயில் பார்க்க ஓடுவது. வெள்ளை வெளேரென்று நாணல் பூத்த வெளியில் பாதிக் காட்சியை எடுத்தார்கள். மீதியை எடுக்கச் சில நாள் கழித்துப் போனார்கள். ஒரு பூவைக்கூடக் காணோம்! அத்தனையையும் மாடுகள் மேய்ந்துவிட்டன.

மறுபடி பூ பூக்கும்வரை அந்தக் காட்சி காத்திருந்தது!

பூ பூத்தாலும் பணம் பூக்கவில்லை. ரே இன்சூரன்ஸ் பாலிசியின்பேரில் கடன் வாங்கினார். ஆசையாகச் சேர்த்த இசைத்தட்டுகளை விற்றார். பிறகுதான் மனைவியின் நகைகளும் போயின. அதுவும் தீர்ந்தது. மாதக்கணக்கில் படப்பிடிப்பு நின்றது.

அத்தைப் பாட்டியாக நடித்த சுனிபாலா தேவிக்கு வயது 80. சிறுவனின் குரல் உடைந்துவிட்டால்? சிறுமி வளர்ந்துவிட்டால்? பாட்டி இறந்துவிட்டால்? இந்த மூன்றும் நடக்காததே அதிசயம் என்று ரே பின்னாளில் சொன்னார்.

ரோடு கணக்கில் பணம்

கடைசியில் ரேயின் தாயாருக்குத் தெரிந்தவர் மூலம், மேற்கு வங்காள முதல்-மந்திரி பி.சி.ராயிடம் விஷயம் போயிற்று. அரசாங்கம் பணம் கொடுத்தது.

எந்தக் கணக்கில் தெரியுமா? சாலை அபிவிருத்திக் கணக்கில்! படத்தின் பெயரில் "பாதை" இருந்ததல்லவா?

படம் முடிந்தது. ரவிசங்கர் ஒரே இரவில் இசையமைத்தார்.

அதில் ஒரு காட்சி. காய்ச்சலில் துர்க்கா இறந்துபோகிறாள். வெளியூரில் இருந்து திரும்பும் தகப்பனுக்கு அது தெரியாது. மகளுக்கு வாங்கிய சேலையை எடுத்து மனைவியிடம் நீட்டுகிறார். தாய் அந்தச் சேலையைப் பற்களில் கடித்துக்கொண்டு கதறுகிறாள். கதறல் நம் காதில் விழாது. அதற்குப் பதில் ஒரு வாத்தியத்தின் ஓலம் கேட்கும். கல் நெஞ்சும் கரையும்!

வாய்மொழி விளம்பரம்

1955 ஆகஸ்டு 26-ந் தேதி படம் கல்கத்தாவில் வெளியாயிற்று. முதலில் கூட்டம் இல்லை. படம் தோற்றுவிட்டது என்றே தோன்றியது.

ஆனால், பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. வீட்டில் சொன்னார்கள். ஆபீசில் சொன்னார்கள். ஓரிரு வாரத்தில் தியேட்டர் நிரம்பி வழிந்தது. வேறு தியேட்டரிலும் மேலும் 7 வாரம் ஓடியது. ஜனாதிபதியின் தங்கப் பதக்கமும் கிடைத்தது.

1956-ல் பிரான்சு நாட்டின் கான் நகரப் படவிழாவில் "சிறந்த மனித ஆவணம்" என்ற பரிசு பெற்றது. 1958-ல் நியூயார்க்கில் திரையிட்டார்கள். ஒரு பெரிய பத்திரிகையின் விமர்சகர், "கட்டுக்கோப்பு இல்லை, மந்தமாகப் போகிறது" என்று எழுதினார். ரசிகர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரே தியேட்டரில் 8 மாதம் ஓடியது! அரசாங்கம் போட்ட பணம் லாபத்தோடு திரும்பியது.

"வறுமையைக் காட்டலாமா?"

எதிர்ப்பும் இருந்தது. "நம் நாட்டு வறுமையை வெளிநாட்டாருக்குக் காட்டலாமா?" என்று அதிகாரிகள் சிலர் தயங்கினார்கள். படத்தை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று பிரதமர் நேருவே சம்மதித்தார்.

1980-ல் நடிகை நர்கீசும் இதே குறையைச் சொன்னார். அப்போது அவர் டெல்லி மேல்-சபை உறுப்பினர். "மதர் இந்தியா" படத்தில் ஏழை விவசாயத் தாயாக நடித்துப் புகழ் பெற்றவரும் அவர்தான்!

இத்தாலியிலும் இதே கதைதான். 1952-ல் டி சிகாவின் மற்றொரு படத்தைப்பற்றி, "நாட்டின் குறையை உலகுக்குக் காட்டுகிறார்" என்று அந்நாட்டு அரசாங்கத்தில் இருந்த ஆந்திரியோட்டி குறை கூறினார்.

படம் பார்த்து அழுதவர்களின் கருத்து வேறு. அவர்கள் அங்கே கண்டது ஏழை நாட்டை அல்ல. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடும் ஒரு அக்காளை! பிள்ளைகளுக்குச் சோறு போடத் தவிக்கும் ஒரு தாயை! அவர்கள் எந்த நாட்டில்தான் இல்லை?

ரேயின் படங்களைப் பார்க்காதவர், சூரியனையும் சந்திரனையும் பார்க்காமல் வாழ்கிறவர் என்று ஜப்பான் டைரக்டர் அகிரா குரசோவா புகழ்ந்தார்.

தீயிலும் தப்பியது

1992-ல் ரே காலமானார். மறு ஆண்டே லண்டனில் நடந்த ஒரு தீ விபத்தில், அவருடைய பல படங்களின் மூலச்சுருள்கள் கருகின. "பதேர் பாஞ்சாலி"யும் அதில் ஒன்று.

கருகிய சுருளைக் குப்பையில் போட மனம் வரவில்லை. பத்திரப்படுத்தினார்கள். பல ஆண்டுகள் கழித்து, காய்ந்து சுருண்ட பிலிமைக் கைவேலையாகவே பதப்படுத்தி மீட்டார்கள். 2015-ல் புதுப் பொலிவுடன் படம் மறுபடியும் திரைக்கு வந்தது.

அதை மீட்ட இடம் எது தெரியுமா? இத்தாலியில் உள்ள போலோனியா நகரம்!

இத்தாலியின் ஒரு சைக்கிள், வங்காளத்தில் ஒரு படத்தைப் பிறப்பித்தது. அந்தப் படம் தீயில் கருகியபோது, உயிர் கொடுத்ததும் இத்தாலிதான்!