வடகரப்பதி: காண வருவோர்க்கும் காணி வாங்குவோர்க்கும்

பிழைப்பின் பொருட்டு ஊர் கடந்து வாழும் தமிழர் இருவர் கூடினால் ஊர்ப் பேச்சு எழும். ஊர்ப் பேச்சின் முடிவில் நிலப் பேச்சு எழும். பிள்ளைகள் படித்து முடித்த பின் கிணறும் நான்கு தென்னையும் உள்ள ஒரு காணியில் போய் அமர வேண்டுமென்பது நம்மில் பலருடைய அவா. அவ்வவாவைப் பழிப்பதற்கில்லை. ஆயினும் அதனை நிறைவேற்றிக் கொள்ளுமுன் அறிய வேண்டுவன சில உள. தமிழகமும் கேரளமும் கைகோத்து நிற்கும் எல்லையிலுள்ள வடகரப்பதியை முன்வைத்து அவற்றை ஈண்டு விளக்குவோம்.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்குக் கோடியில், கோவை மாவட்டத்தை ஒட்டிக் கிடக்கும் ஊராட்சி வடகரப்பதி. சித்தூர் தாலுகா முன்பு கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்தது. 1949-இல் திருவாங்கூர்-கொச்சி இராச்சியத்தில் அடங்கி, 1956 நவம்பர் 1 முதல் கேரளத்தின் பகுதியாயிற்று. ஆட்சிகள் மாறினும் இல்லங்களில் மொழி மாறவில்லை. வயலிலும் கடைத் தெருவிலும் கொங்குத் தமிழே செவியில் விழும். தமிழ்வழிப் பள்ளிகள் இத்தாலுகாவில் உள்ளன; சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் பயிலவும் வாய்ப்புண்டு.

காண வருவோர் கோவையிலிருந்து வேலந்தாவளம் வழியாகவும், பாலக்காட்டிலிருந்து கொழிஞ்சாம்பாறை வழியாகவும் வரலாம். கேரளமென்றதும் நெல்வயலும் காயலும் நினைவுக்கு வருமாயின் அந்நினைவை வேலந்தாவளத்திலேயே இறக்கி வைத்துவிட வேண்டும். இங்குள்ளது கரிசல் மண். வரப்போரங்களில் கரும்பனைகள் காவல் நிற்கும். தென்னை, நிலக்கடலை, காய்கறி ஆகியவை விளையும். சித்தூர்த் தென்னந்தோப்புகளிலிருந்து இறக்கப்படும் கள் கேரளத்தின் பிற மாவட்டங்களுக்குச் செல்கின்றது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடப்பதால் காற்றுக்கு இங்கே குறைவில்லை. குறைவெல்லாம் மழைக்கே. கேரளத்தின் சராசரி மழை ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர். கிழக்குச் சித்தூரில் அதில் பாதிகூடப் பெய்வதில்லை.

ஆகவே இவ்வூரில் நிலத்தின் விலை மண்ணுக்கன்று, நீருக்கே என்றறிக. 2009-ஆம் ஆண்டின் நிலத்தடி நீர் மதிப்பீட்டில், ஊறுவதைக் காட்டிலும் மிகுதியாக நீர் உறிஞ்சப்படும் வட்டாரமென்று சித்தூர் குறிக்கப்பட்டது. இதே தாலுகாவில் பெருமாட்டி ஊராட்சியைச் சேர்ந்த பிளாச்சிமடையில் 2000-ஆம் ஆண்டு கொக்கோ கோலா ஆலை எழுந்ததும், கிணற்று நீர் கெட்டதென்று ஊரார் 2002-இல் போராட்டம் தொடங்கியதும், 2004-இல் ஆலை நின்றதும் உலகறிந்த செய்தி. நீர் இவ்வட்டார மக்களுக்கு எத்துணை அருமையானது என்பதற்கு அதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆற்று நீரும் அளந்தே வருகின்றது. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் இரு மாநிலங்களுக்கிடையே கையெழுத்தாயிற்று. அதன்படி மணக்கடவு அணையில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி., அதாவது 725 கோடி கன அடி நீர், சித்தூர்ப்புழைப் பாசனத்துக்குத் தரப்பட வேண்டும். அந்நீரை மூலத்தறைக் கால்வாய் வழியே கிழக்குக் கோடி வரை கொண்டுவர வேண்டுமென்பது இங்குள்ள உழவர்களின் நெடுநாள் கோரிக்கை. “கால்வாய்ப் பாசனம் உண்டு” என்று தரகர் கூறுவாராயின், நீர் அந்த வயலுக்கு எந்த மாதத்தில் எத்தனை நாள் வந்தது என்று பக்கத்து வயற்காரரைக் கேட்க வேண்டும். ஆடி மாதத்துக் குளிர்காற்றிலும் பசுமையிலும் மயங்கி முன்பணம் கொடுப்பது கூடாது. பங்குனி, சித்திரையில் ஒரு முறை வந்து கிணற்றை எட்டிப் பார்த்த பின்னரே விலை பேசுக.

நீருக்கு அடுத்தது பத்திரம். ஒரே சொல் எல்லையின் இருபுறத்தும் இரு பொருள் தருவதை நம்மவர் பலர் அறியார். நமக்கு “நிலம்” என்றால் எந்த நிலமும் நிலமே. கேரளத்து வருவாய்ப் பதிவேட்டிலோ “நிலம்” என்பது நெல்வயலைக் குறிக்கும். கேரள நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் 2008-இல் வந்தது. அதன் கீழ்த் தொகுக்கப்பட்ட பட்டியலில் உங்கள் வயல் இருந்தால், மண்ணிட்டு மேடாக்கவோ மனையாக விற்கவோ இடமில்லை. பட்டியலில் இல்லாவிடினும், பதிவேட்டில் “நிலம்” என்றிருப்பதை வேறு பயனுக்கு மாற்ற வருவாய் அதிகாரியின் ஆணை வேண்டும். வீடு கட்ட விரும்புவோர் “புரயிடம்” என்று பதிவாகியிருக்கின்றதா எனப் பார்க்க வேண்டும்.

“தோட்டம்” என்பதும் அவ்வாறே. கொங்கு நாட்டார்க்குக் கிணற்றுப் பாசனமுள்ள பூமியெல்லாம் தோட்டம். கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்திலோ அது தேயிலை, காப்பி, ரப்பர் முதலிய பெரும்பயிர்த் தோட்டம். உச்சவரம்பு விலக்குப் பெற்றதை வேறாக மாற்றினால் வழக்கு வரும். “போக்குவரவு” என்ற சொல்லைக் கண்டு வண்டி வாகனம் என்றெண்ண வேண்டா. பட்டா மாறுதலுக்கு அங்கே அதுவே பெயர். கிராம அலுவலகத்தில் கரம் கட்டிய ரசீதையும், சார்பதிவகத்தில் வில்லங்கச் சான்றையும், மலையாளம் நன்கறிந்த வழக்கறிஞரைக் கொண்டு படித்தறிதல் நலம்.

கடல் கடந்து வாழும் குடும்பங்களுக்கு இன்னொரு செய்தி. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமக்களும், அயல்நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வமிசத்தாரும் மனையும் வீடும் விலைக்கு வாங்கலாம். விளைநிலமும் பெருந்தோட்டமும் பண்ணை வீடும் வாங்க அன்னியச் செலாவணிச் சட்டம் இடந்தருவதில்லை. மீறினால் தொகையைப்போல் மும்மடங்கு வரை தண்டம் விதிக்கப்படலாம். பெற்றோரிடமிருந்து வாரிசு முறையில் வருவதைப் பெறுவதற்குத் தடையில்லை. மும்பையிலும் தில்லியிலும் வாழ்வோர்க்கு இக்கட்டுப்பாடு கிடையாது.

“மாமன் மகன் பேரில் எழுதிவிடலாம்” என்று வழி கூறுவோர் உண்டு. 1988-இல் வந்து 2016-இல் கடுமையாக்கப்பட்ட பினாமித் தடைச் சட்டத்தின்படி, அத்தகைய சொத்துப் பறிமுதலாகலாம். ஏழாண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. நிலமும் போய் உறவும் போவதைவிட நிலமில்லாதிருப்பது மேல்.

சட்டம் இடந்தந்தாலும் மனச்சான்று கேட்கும் வினா ஒன்றுண்டு. வாங்கியவர் அயலூரில் இருக்க, வேலியும் பூட்டும் மட்டும் இங்கே இருந்தால், அந்நிலத்தில் உழைத்தவர்க்கு வேலை போகும். பல நூறு அடி ஆழத்துக்குப் புதிய ஆழ்குழாய்க் கிணறு இறங்கினால், பக்கத்துச் சிறு உழவரின் கிணறு வற்றவும் கூடும். உழுது பயிரிட வருபவர்க்கு வடகரப்பதியில் இடமுண்டு. அவ்வாறு வர இயலாதவர் விருந்தினராக வரட்டும்; சந்தையில் காய் வாங்கட்டும், தமிழ்ப் பள்ளிக்கு நூல்கள் வழங்கட்டும். ஊருக்கு உரியவராவதற்குப் பத்திரம் ஒன்றே வழியன்று.