எறும்புப் புற்றில் எத்தனை ராணிகள்?

தேவாரம், போடிநாயக்கனூர் மலையடிவாரங்களில் வாழும் நம் விவசாயிகளுக்கு எறும்பு புதிதன்று. ஆயினும், அளவின்றிப் பெருகும் எறும்பு ஊரையே வருத்தும் என்பதை 2022-ஆம் ஆண்டில் கண்டோம். திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தை அடுத்த கரந்தமலைக் காட்டோர ஊர்களில் மஞ்சள் கிறுக்கு எறும்பு பல்கிப் பெருகிற்று. இது கொட்டுவதில்லை; ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சும். ஆடுமாடுகளின் கண்கள் பாதிக்கப்பட்டன. காட்டோரம் குடியிருந்தோர் சிலர் இடம் பெயர்ந்தனர்.

இதனை ஒழித்தல் ஏன் அரிதாயிற்று? விடை அதன் சமூக அமைப்பில் உள்ளது. சில எறும்புகளில் புற்றுக்கு ஒரே ராணி. அண்டைப் புற்றோடு பகை. வேறு சிலவற்றில் பல ராணிகள். புற்றுகள் தம்முள் பகையின்றி ஒரே பெருங்குடியாக வாழும். மஞ்சள் கிறுக்கு எறும்பு இவ்விரண்டாம் வகையினது.

ஒரே இனத்தில் இவ்விரு வகையும் அமைவதுண்டு. தென் அமெரிக்காவிலிருந்து அமெரிக்க ஐக்கிய நாட்டில் புகுந்த சிவப்பு நெருப்பெறும்பு இதற்குச் சான்றாகும். மண்ணைத் தோண்டி ராணிகளை எண்ணுவது எளிதன்று. ஆகவே விஞ்ஞானிகள் மரபணுவை நாடினர். புற்றிலிருந்து சில வேலைக்கார எறும்புகளை எடுத்து நசுக்கி, மரபணுப் பொருளைப் பிரித்து, ஆய்வுக்கூடத்தில் பெருக்கிப் பார்ப்பர். அந்நாட்டு நெருப்பெறும்பில் ஜி.பி.-9 என்னும் மரபணுவுக்கு இரு வடிவங்கள் உண்டு. ஒரு வடிவமே காணப்படின் ஒரு ராணிப் புற்று. மற்றதும் கலந்திருப்பின் பல ராணிப் புற்று.

இதனால் பயன் என்ன? ஒரு ராணி வகையில் இளம் ராணிகள் பறந்து சென்று தொலைவில் புற்றமைக்கும். பல ராணி வகையில் ராணி வேலைக்காரருடன் நடந்தே அருகில் குடியேறும். முன்னதற்குப் புற்றுதோறும் மருந்திடலாம். பின்னதற்குப் பரப்பு முழுவதும் இரைமருந்து இடல் வேண்டும். மேலே ஓடும் எறும்பின்மீது மருந்து தெளித்தால் வேலைக்காரரே மடியும். ராணிகள் மீண்டும் முட்டையிடும். மெதுவாகச் செயற்படும் இரைமருந்தையே வேலைக்காரர் ராணிக்குக் கொண்டு சென்று ஊட்டும்.

நடந்து பரவும் எறும்பைத் தொலைவுக்குக் கொண்டு செல்பவர் நாமே. ஏலக் கன்று, நாற்றங்கால் மண், விறகு ஆகியவற்றை வண்டியேற்றுமுன் நன்கு சோதித்தல் நலம். நீண்ட கால்களுடன் தாறுமாறாக ஓடும் மஞ்சள் எறும்பைத் திரளாகக் கண்டால், சிலவற்றைச் சிறு புட்டியில் எடுத்து வேளாண்மை விரிவாக்க மையத்தில் காட்டுவோமாக. பகையின் குடியமைப்பை அறிந்து மருந்திடுவதே செலவைக் குறைக்கும் வழி.