நாற்காலி யாருக்கு, நேரம் யாருடையது?

சென்னையில் கணினி நிறுவனங்களில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் செஞ்சி வட்டாரத்துப் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊர் வந்தால் அலுவலகக் கதை சொல்வார்கள். அங்கே காலைக் கூட்டத்தில் யாரும் உட்காருவதில்லையாம். மேலாளர் முதல் நேற்றுச் சேர்ந்தவர் வரை நின்றுகொண்டே பேசிப் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். உட்கார்ந்தால் பேச்சு நீளும், அதனால்தான் இந்த ஏற்பாடு. கூட்டத்தைக் குறைப்பது, நேரத்தை வேலை செய்பவரின் வசதிக்கு விடுவது, குழுவில் மேல் கீழ் இல்லாமல் பார்த்துக்கொள்வது என்று உலகெங்கும் அலுவலகங்களை மாற்றி அமைக்கும் பேச்சு நடக்கிறது.

நம் தாத்தாக்கள் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். ஊர்க் கூட்டத்தில் அவர்கள் வாழ்நாள் முழுக்க நின்றுகொண்டேதான் இருந்தார்கள். அப்போதும் பேச்சு நீண்டது. பேசியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அலுவலகம் என்றால் கண்ணாடிக் கட்டடம் மட்டும்தான் என்று நினைக்க வேண்டியதில்லை. விழுப்புரம் மாவட்டத்தில் 688 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் அலுவலகம். தலைவர், துணைத் தலைவர், வார்டு உறுப்பினர்கள், செயலர், தண்ணீர்த் தொட்டி இயக்குபவர், தூய்மைக் காவலர்கள் என்று ஒரு குழு அங்கே வேலை செய்கிறது. கூட்டம் உண்டு, கூட்டப்பொருள் உண்டு, தீர்மானப் புத்தகம் உண்டு. இந்த அலுவலகங்களில் கூட்டம் எப்படி நடக்கிறது என்ற கேள்வியைத்தான் நாம் இந்த வாரம் எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் நாற்காலி. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் 2020 ஜூலையில் நடந்த ஊராட்சிக் கூட்டத்தில், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த தலைவர் ராஜேஸ்வரி தரையில் உட்காரவைக்கப்பட்டார். மற்றவர்கள் நாற்காலியில். அந்தப் படம் அக்டோபரில் வெளிவந்த பிறகுதான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது, ஊராட்சி செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவர் அமிர்தம் கொடியேற்ற விடப்படவில்லை. செய்தி பரவிய பின், சில நாள் கழித்து மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் ஏற்றினார். இவை தனித்த சம்பவங்கள் என்று சொன்னவர்கள் உண்டு. தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 2022-ல் 24 மாவட்டங்களில் 386 ஊராட்சிகளில் ஆய்வு செய்தது. 22 ஊராட்சிகளில் தலைவர் உட்கார நாற்காலி இல்லை, 20 ஊராட்சிகளில் தேசியக் கொடி ஏற்றவிடவில்லை என்று அந்த ஆய்வு கூறியது. அதையொட்டி அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, சாதிப் பாகுபாடு இன்றிக் கொடியேற்றம் நடப்பதை உறுதிசெய்யும்படி ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. குடியரசாகி எழுபது ஆண்டு தாண்டிய பிறகு, தலைவர் கொடியேற்றுவதற்கு ஒரு சுற்றறிக்கை!

உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வருவதற்குத் தரும் பணத்துக்கு அரசு வைத்திருக்கும் பெயர் அமர்வுப்படி. அமர்வதற்கான படி. பெயரையாவது யாராவது படித்துப் பார்க்கலாம்.

நாற்காலிக்கு முன்பே வருவது அழைப்பு. ஊரில் கூட்டம் என்றால் தண்டோரா போடுவது தலைமுறை தலைமுறையாக யார் தலையில் கட்டப்பட்ட வேலை என்று சொல்லத் தேவையில்லை. ஊர் முழுக்கச் சுற்றி எல்லோரையும் அழைத்தவர், அந்தக் கூட்டத்தில் மண்டபத்துக்கு வெளியே நின்றார். 2022 ஆகஸ்டில் தண்டோரா முறையை அரசு கைவிடச் சொன்னது. வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்றது. அது நல்ல உத்தரவு, தாமதமான உத்தரவு. இப்போது பல ஊர்களில் அழைப்பு வாட்ஸ்அப் குழுவில் போகிறது. அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள்? கைப்பேசியில் படிக்கத் தெரியாத பாட்டிக்கும், மகனிடம் மட்டும் கைப்பேசி இருக்கும் வீட்டுப் பெண்ணுக்கும் செய்தி எப்படிப் போகும்? தண்டோரா போனதில் நமக்கு வருத்தமில்லை. அதன் இடத்தில் வந்தது நம் தெருவரை வருகிறதா என்பதுதான் கேட்க வேண்டியது.

அடுத்தது இடம். கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கோடு மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளும் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் அரசு அனுப்பும் அறிவுறுத்தலில் இரண்டு வரிகள் இருக்கும். மதம் சார்ந்த வளாகத்தில் கூட்டம் நடத்தக் கூடாது. இடத்தைச் சுழற்சி முறையில் மாற்ற வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் பாதிப் பிரச்சினை தீரும். நடைமுறையில் கோயில் திடலும் ஊர் நடுவே இருக்கும் சமுதாயக் கூடமும்தான் நிரந்தர இடம். ஊருக்கும் நம் தெருவுக்கும் இடையே ஓர் ஏரிக்கரையோ ஒரு கிலோமீட்டர் வயலோ இருக்கும். ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல் போகட்டும். அந்தத் தெருவில் ஒரு கிராம சபை கூடினால், ஊரார் அங்கே வந்து உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். சுழற்சி வேண்டாம் என்று சிலர் பிடிவாதம் பிடிப்பதன் காரணம் நமக்குப் புரியாமல் இல்லை.

கோரம் கணக்கும் ஒரு கூத்து. ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். ஆள் குறைந்தால் யாரைக் கூட்டி வருவார்கள்? நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களை. பெரும்பாலும் நம் பெண்கள். கையெழுத்து, கைநாட்டு வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டால் கணக்கு நிறைந்துவிடும். தீர்மானம் பிறகு எழுதப்படும். வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் நாம்தான் பெரும்பான்மை. தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தால் நம் தெரு விளக்கு இருக்காது.

அந்தப் புத்தகம்தான் முக்கியம். கூட்டத்தில் பேசியது காற்றில் போகும், எழுதியது நிற்கும். எழுதுபவர் செயலர். பூட்டும் சாவியும் அவரிடமோ துணைத் தலைவரிடமோ இருக்கும். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தனி ஊராட்சியில் தலைவர் நம்மவராக இருக்கலாம். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது வார்டு உறுப்பினர்கள். கையெழுத்துப் போட மறுத்தே ஒரு தலைவரை ஐந்து ஆண்டும் சும்மா உட்காரவைக்க முடியும், நாற்காலி கொடுத்தாலும்கூட. ஊழலைத் தடுக்க வந்த விதி அது. யாரைத் தடுக்கிறது என்பது ஊரைப் பொறுத்தது.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ தன் கடமையைச் செய்யவிடாமல் மிரட்டுவதும் தடுப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எம்) பிரிவின்படி குற்றம். 2015-ல் செய்த திருத்தம், 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. மேலவளவு முருகேசன் 1997 ஜூன் 30 அன்று ஆட்சியரிடம் மனு கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் வெட்டிக் கொல்லப்பட்டபோது இப்படி ஒரு பிரிவு இருக்கவில்லை. இப்போது இருப்பதை நம் தலைவர்களில் எத்தனை பேருக்கு யார் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? தேர்வான புதிதில் தரும் பயிற்சியில் பதிவேடுகளைப் பற்றிச் சொல்வதைப் போல இதையும் சொல்ல வேண்டும்.

இனி நேரம். தலைவருக்கு மாத மதிப்பூதியம் 2,000 ரூபாய். கூலி வேலை செய்து பிழைக்கும் ஒரு பெண் தலைவர், செஞ்சியில் ஊராட்சி ஒன்றிய அலுவலகக் கூட்டத்துக்கு வர வேண்டும் என்றால் அன்றைய கூலி போகும், பேருந்துச் செலவு ஆகும். பத்து மணிக் கூட்டம் பன்னிரண்டுக்குத் தொடங்கினால் கேட்க ஆளில்லை. அதனால்தான் கணவர்மார் வருகிறார்கள் என்று ஒரு சாக்கு. நேரத்துக்குத் தொடங்கி நேரத்துக்கு முடியும் கூட்டம் என்பது சொந்தமாக மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவரைவிட டவுன் பஸ்ஸை நம்பி வருபவருக்கே அதிகம் தேவை. கணினி நிறுவனத்துப் பதினைந்து நிமிடக் கூட்டத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள ஏதாவது இருந்தால் அது இந்தக் கடிகாரம்தான்.

நூறு நாள் வேலைக்கு வருவோம். ஒரே ஏரியில், ஒரே வரப்பில் எல்லாச் சாதியும் சேர்ந்து மண் வெட்டிய இடங்கள் உண்டு. குழு பிரித்து, தெருவுக்கு ஒரு வேலைத்தளம் என்று ஒதுக்கிய இடங்களும் உண்டு. பணித்தளப் பொறுப்பாளர் யார் என்பதைப் பார்த்தால் குழு எப்படிப் பிரிந்தது என்று தெரிந்துவிடும். 2021-ல் ஒன்றிய அரசே இந்தப் பிரிவினைக்கு உதவியது. 2021-22 நிதியாண்டு முதல் பட்டியல் சாதி, பழங்குடி, மற்றவர் என்று கூலியை மூன்றாகப் பிரித்துப் போடச் சொன்னது. ஒரே நாள் ஒரே குழியில் வேலை செய்தவர்களுக்கு வெவ்வேறு நாளில் பணம் வந்தது. வேலைத்தளத்தில், “உனக்கு வந்துவிட்டது, எனக்கு ஏன் வரவில்லை” என்று சண்டை. எதிர்ப்பு எழுந்து அந்த ஆண்டு முடிவதற்குள் பழைய முறைக்குத் திரும்பினார்கள். பிறகு 2023 ஜனவரி 1 முதல் செயலியில் நாளுக்கு இரண்டு முறை படம் எடுத்து வருகை பதிவது கட்டாயமானது. வேலையைச் சீக்கிரம் முடித்தாலும் இரண்டாவது படத்துக்காக வெயிலில் காத்திருக்க வேண்டும். கோடையில் செஞ்சிப் பாறைகளின் சூடு தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தத் திட்டத்துக்குப் பதிலாக 125 நாள் வேலைக்கான புதிய சட்டத்தை நிறைவேற்றியது. அதில் நாம் ஊன்றிப் படிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. விதைப்பு, அறுவடை நேரத்தில் ஆண்டுக்கு மொத்தம் 60 நாள் வேலையை நிறுத்திவைக்க அது வழி செய்கிறது. எந்த நாள்கள் என்பதை மாநில அரசு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். நெல் அறுக்கவும் மல்லாட்டை பிடுங்கவும் ஆள் கிடைப்பதில்லை என்று நிலம் வைத்திருப்பவர்கள் சொல்லிக்கொண்டிருந்ததற்கு இது பதில். ஆனால் ஏரி வேலை இருந்ததால்தான் அறுப்புக்குக் கூலி பேச நம் பெண்களால் முடிந்தது. “இந்தக் கூலிக்கு வரமாட்டேன்” என்று சொல்ல ஒரு மாற்று வேலை இருந்தது. பேரம் பேசும் பருவத்தில் அந்த மாற்று இல்லாமல் போகிறது. வேலை நாள்காட்டியை யார் கையில் கொடுக்கிறோம் என்பது கூலியை யார் கையில் கொடுக்கிறோம் என்பதுதான். அறுபது நாள் எவை என்ற பேச்சு கிராம சபைக்கு வர வேண்டும், அங்கே கூலிக்காரர்கள் வாய் திறக்க வேண்டும்.

வேலை நேரம் அரசியல் என்பது நமக்குப் புதிதல்ல. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்தவர் அண்ணல் அம்பேத்கர். தொழிற்சாலை வேலையை வாரத்துக்கு 48 மணியாகக் குறைத்த 1946 சட்டத் திருத்தம் அவர் கொண்டுவந்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறி, எதிர்ப்பால் மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே நாளில் திரும்பப் பெறப்பட்டதையும் பார்த்தோம்.

கண்ணாடிக் கட்டடத்துக்குள் போய்விட்டால் இதெல்லாம் விடும் என்று நம் பிள்ளைகள் நம்புகிறார்கள். முழுக்கப் பொய்யில்லை. ஆனால் 2020 ஜூனில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில அரசுத் துறை, சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. தலித் பொறியாளர் ஒருவரை இந்திய மேலாளர்கள் சாதி காரணமாகக் குழுவில் ஒதுக்கினார்கள் என்பது புகார். மேலாளர்கள் இருவர் மீதான வழக்கை அத்துறையே 2023-ல் கைவிட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. நின்றுகொண்டு நடத்தும் கூட்டத்திலும் யார் பேச்சு காதில் ஏறுகிறது என்ற கேள்வி கூடவே போகிறது.

நம் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி எல்லோருக்கும் தெரியும். கோட்டையைச் சேர்ந்த இன்னொரு சிறு குன்றுக்குச் சக்கிலி துர்க்கம் என்று பெயர். வருகிறவர்களுக்கு அதை யாரும் காட்டுவதில்லை.

விழுப்புரம் உட்பட ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2026 அக்டோபரில் முடிகிறது. மற்ற மாவட்டங்களில் 2025 ஜனவரி முதலே தனி அலுவலர்களின் ஆட்சிதான். அதற்குள் செஞ்சி, வல்லம், மேல்மலையனூர் ஒன்றியங்களில் இருக்கும் நம் தலைவர்களும் உறுப்பினர்களும் ஒரு வேலை செய்யலாம். செலவில்லாத வேலை. வரும் கிராம சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். கூட்டம் இந்தத் தெரு, அடுத்தது அந்தத் தெரு என்று வரிசை எழுதுங்கள். தொடங்கும் நேரம், முடியும் நேரம் எழுதுங்கள். வார்டு உறுப்பினர் முதல் தூய்மைக் காவலர் வரை அனைவருக்கும் ஒரே மாதிரி இருக்கை, அல்லது அனைவருக்கும் ஒரே ஜமுக்காளம் என்று எழுதுங்கள். எழுதியதைக் கூட்டம் கலையும் முன் உரக்கப் படிக்கச் சொல்லி, அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். பக்கத்தைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.