காது நுனியில் ஒரு துளி இரத்தம்

பேராதனைப் பூந்தோட்டத்தை வளைத்தோடும் மகாவலியைக் கடந்தால் கன்னொறுவையை அடையலாம். 1638-ஆம் ஆண்டில் இரண்டாம் இராசசிங்கனின் படை போர்த்துக்கேயரை முறியடித்த ஊர் என்று சரித்திர மாணவர் இதனை அறிவர். மிருகவைத்திய ஆராய்ச்சி நிலையம் அமைந்திருப்பதும் இவ்வூரிலேயே. ஆற்றுக்கு இப்பால், பேராதனைப் பல்கலைக்கழகத்தில், மிருகவைத்திய பீடம் இருக்கின்றது.

கண்டிச் சீமையில் வெள்ளாடே மிகுதி; நம் நாட்டுச் செம்மறிக்கு வரண்ட வடபகுதியே தாயகம். ஆயினும் எந்த ஊர் ஆட்டின் இரத்தமானாலும் அதனைப் படிக்கும் வித்தை ஒன்றுதான்.

நாலைந்து ஆடுகளை நம்பிப் பிள்ளைகளின் பள்ளிச் செலவைப் பார்க்கும் வீடுகள் பல. அவற்றுள் ஓர் ஆடு இரை எடுக்காது சோர்ந்து நின்றால், கீழிமையைச் சற்று விலக்கிப் பாருங்கள். சிவந்திருக்க வேண்டிய உட்புறம் வெளுத்திருந்தால் இரத்தம் குறைகிறது என்று பொருள். கடையிற் பூச்சி மருந்து வாங்கிப் பருக்கிவிட்டுக் காத்திருப்பதே நம்மவர் வழக்கம். அது சில வேளை பலிக்கும். ஆட்டின் நான்காம் இரைப்பையில் வாழும் ஈமோங்கஸ் என்னும் புழு, நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.05 மில்லிலீற்றர் இரத்தத்தைப் போக்கிவிடும். ஐயாயிரம் புழுக்கள் சேர்ந்தால் கால் லீற்றர்! இதற்குப் பூச்சி மருந்து தக்கதே.

ஆனால் உண்ணி கடித்துப் புகுத்தும் பபேசியா, செங்குழியத்துக்குள்ளேயே குடியிருந்து அதனை உடைப்பது. பூச்சி மருந்து அதனை ஒன்றும் செய்யாது. காய்ச்சல் ஏறும், சிறுநீர் சிவக்கவுங் கூடும். காத்திருந்த நாட்களில் ஆடு மாண்டுபோகும்.

பார்த்தறிவது எவ்வாறு? மருந்து கொடுக்குமுன், காய்ச்சல் மிகுந்திருக்கையில், காது நுனியைச் சுத்தஞ்செய்து குத்தி ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் எடுப்பர். மற்றொரு தகட்டின் விளிம்பாற் சாய்வாகத் தள்ளினால் அது மெல்லிய படலமாகப் பரவும். காயவிட்டு, மெதைல் அற்ககோலில் நிலைப்படுத்தி, கீம்சா சாயத்தில் அரைமணி நேரமளவு வைப்பர். பின்னர் ஆயிரம் மடங்கு பெருக்கும் நுணுக்குக்காட்டியின் கீழே, செங்குழியத்துள் பேரிக்காய் வடிவில் இரட்டையாகத் தெரிவது பபேசியா. விளிம்பருகே கரும்புள்ளியாக நிற்பது அனாபிளாஸ்மா. அது பக்டீரியா இனம், அதற்கு டெற்றாசைக்கிளின் வேண்டும். சாயத்துகளைக் கிருமியென்று மயங்குவதும் உண்டு; நாமும் மயங்கியிருக்கிறோம்.

உண்ணிக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 1893-இல் அமெரிக்காவில் சிமித், கில்போர்ண் என்னும் இருவரால் மாடுகளில் நிறுவப்பட்டது. கிராமத்தவர் உண்ணியை அற்பமாக எண்ணுவது நமக்கு வருத்தமே.

தகட்டில் எதுவும் தென்படாவிடினும் நோயில்லையென்று துணிதல் ஆகாது. பிழைத்த ஆட்டில் கிருமி மிகச் சொற்பமாக ஒளிந்திருக்கும். அதன் உண்ணி மற்றோர் ஆட்டுக்குப் பரப்பும். அத்தகைய ஆட்டைக் காட்டிக்கொடுப்பது, கிருமியின் மரபணுத் துண்டைக் கோடிக்கணக்காகப் பெருக்கிக் காணும் பி.சி.ஆர். முறை. செலவும் கருவியும் வேண்டுவதால் எல்லா ஊரிலும் அது கைகூடாது.

தகட்டைப் பரிசோதனைக்கு அனுப்புவோர் நன்கு உலர்த்தி, ஆட்டின் அடையாளத்தையும் திகதியையும் எழுதி, கடதாசியிற் சுற்றி அனுப்புக. உலரும்போது ஈ மொய்க்க விடலாகாது. இரத்தப் படலத்தை அது நக்கித் தின்றுவிடும்.