முதியோரின் நித்திரை

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-ல் ஏற்பட்டது. அக்காலத்தில் அங்கும் ஆவடியிலும் இரவு பகலாக முறைவைத்து உழைத்தவர்கள் இன்று எண்பது பிராயத்தை எட்டியிருக்கிறார்கள். அவர்களில் ஞாபகம் குன்றிய ஒருவர் நள்ளிரவில் எழுந்து, வேலைக்கு நேரமாயிற்றென்று கதவைத் திறந்தால், வீட்டார் அதை மூப்பின் பிடிவாதமென்கிறார்கள். அது பிடிவாதமன்று, வியாதி.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 88 லட்சம் பேர் மறதிநோயுற்றவர்களென்று 2023-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது. இந்நோய் பலவகைப்பட்டது, நித்திரைக் கேடும் அவ்வாறே. அல்சைமர் வியாதியில், இரவு பகலைப் பிரித்தறியும் மூளைப்பகுதி பழுதுபடுகிறது. பகலில் உறக்கமும், அந்தியில் கலக்கமும், இரவில் விழிப்பும் உண்டாகின்றன. லூயி பாடி என்னும் வகையில், நோயாளி உறக்கத்திலேயே கனவுக்கேற்பக் கூவுகிறார், உதைக்கிறார். ஞாபகம் தவறுவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே இது தோன்றக்கூடும். மூளையின் இரத்தக்குழாய்கள் கெடுவதால் வரும் மறதியில், குறட்டையும் உறக்கத்தில் மூச்சுத்தடையும் அதிகம்.

வகையறியாது மருந்து கொடுப்பதே பேராபத்து. ஆவேசத்தை அடக்கத் தரும் சில மருந்துகள் லூயி பாடி நோயாளியை விறைக்கச்செய்து, உயிருக்கே உலைவைக்கலாம். தூக்கமாத்திரையோ முதியவரைத் தள்ளாடி விழச்செய்யும், மூச்சுத்தடையையும் மிகுவிக்கும். வைத்தியர் சீட்டின்றி அதை விற்பது சட்டவிரோதம். கேட்டு வாங்குவதை நம்மவர் விட்டொழிக்கவேண்டும். காலை வெயில், சிறிது நடை, பகலுறக்கக் குறைப்பு, மாலையில் காப்பியை நிறுத்துதல், வலியோ மூத்திர உபாதையோ உண்டாவென விசாரித்தல் — முதற்சிகிச்சை இவையே.

நோயாளியுடன் இரவெல்லாம் விழித்திருப்பவர் பெரும்பாலும் மனைவியோ மகளோ மருமகளோதான். அந்தப் பாரத்தை ஆண்மக்களும் முறைவைத்துச் சுமப்பதே நியாயம்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் இயற்றப்பட்டது. உறுப்புகள் சிதையும் வியாதிகளுக்கு முதியோர் பெறும் சிகிச்சை வசதியை மாகாண சர்க்கார் விரிவாக்க வேண்டுமென்று அதன் 20-வது பிரிவு விதிக்கிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து கொண்டு வீடுதேடிச் செல்பவர்கள். பூந்தமல்லியிலும் ஆவடியிலும் அவர்கள் "பெரியவர் இரவில் எப்படி உறங்குகிறார்?" என்ற ஒரு கேள்வியையும் கேட்கட்டும். அதற்குச் செலவு ஏதுமில்லை. கேளாதிருப்பதால் விளையும் நஷ்டமோ பெரிது.