லிவர்பூல் நிலவறையில் ஒரு மதராஸ் பையன்

கிளிஃப் ரிச்சர்ட் என்ற பெயரை நம் சங்கத்து மூத்த அன்பர்கள் இலங்கை வானொலியில் கேட்டிருப்பார்கள். அவர் 1940ல் லக்னோவில் பிறந்தவர். தகப்பனார் இரயில் பயணிகளுக்கு உணவு வழங்கிய கெல்னர் கம்பெனியில் வேலை பார்த்தார். 1948ல் குடும்பம் கப்பலேறி இங்கிலாந்து போயிற்று. பத்தே வருடத்தில், 1958ல் வெளிவந்த 'மூவ் இட்' இசைத்தட்டின் மூலம் பையன் அந்நாட்டின் ராக் அண்ட் ரோல் நட்சத்திரமாகிவிட்டான். எங்கல்பர்ட் ஹம்பர்டிங் பிறந்ததோ 1936ல் நம் மதராஸில். பீட்டில்ஸ் குழுவில் ரிங்கோ ஸ்டாருக்கு முன் டிரம்ஸ் வாசித்த பீட் பெஸ்டும் மதராஸில் பிறந்தவர்தான், 1941ல்.

இரயில்வேயில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். நான் கோலார் தங்கவயல்காரன். 'சின்ன இங்கிலாந்து' என்று பெயர் வாங்கிய ஊர். 1880ல் வந்த ஜான் டெய்லர் கம்பெனி, சுரங்கத்தோடு கிளப்பையும் நடனத்தையும் கொண்டுவந்தது. வெள்ளைக்கார துரைமாருக்குக் கிளப். ஆங்கிலோ இந்தியருக்குத் தனி மண்டபம். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து சுரங்கத்துக்குள் இறங்கிய நம்மவருக்கு லைன் வீடும் தெருக்கூத்தும். நான் சிறுவனாக இருந்த அறுபதுகளில், கிறிஸ்துமஸ் வாரத்தில் மண்டபத்துக்குள் பேண்டு வாசிக்கும். நாங்கள் வேலிக்கு வெளியே நின்று கேட்போம். உள்ளே ஆடியவர்களின் குடும்பங்கள், 1956ல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கு வந்ததற்கு முன்னும் பின்னுமாக, இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்ச் சேர்ந்தன. போன இடத்தில் அந்தப் பிள்ளைகள் எந்த இசையின் நடுவே வளர்ந்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் இங்கிலாந்தை நாம் நினைப்பது போல் செல்வச் செழிப்பான நாடாக எண்ண வேண்டாம். உணவு ரேஷனே 1954ல்தான் ஒழிந்தது. தொழிலாளி வீட்டுப் பையனுக்கு வாத்தியம் வாங்க வழி ஏது? 1956ல் லானி டோனகன் பாடிய 'ராக் ஐலண்டு லைன்' என்ற அமெரிக்க இரயில் பாட்டு பிரபலமாயிற்று. (இரயில்வேக்காரனுக்கு இதில் ஒரு சின்னப் பெருமை.) அந்தப் பாணிக்கு ஸ்கிஃபில் என்று பெயர். ஒரு கிதார் இருந்தால் போதும், மற்றதெல்லாம் வீட்டுச் சாமான். துணி துவைக்கும் தகரப் பலகையை விரலில் உறை மாட்டிக்கொண்டு சுரண்டினால் தாளம். காலித் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, துடைப்பக் கட்டையை நிறுத்தி, கட்டை நுனிக்கும் பெட்டிக்கும் ஒரு கயிறு கட்டிவிட்டால் அடித்தொனி வாத்தியம் தயார். கட்டையைப் பின்னுக்கு இழுத்தால் கயிறு இறுகிச் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். டிப்ளமோவில் படித்த இழுவிசைப் பாடத்தை அந்தப் பையன்கள் படிக்காமலே செய்துவிட்டார்கள்! நம் சென்னைக் கானாக்காரர்கள் கையில் கிடைத்ததைத் தட்டிப் பாடுவதும் இதே கதைதான்.

பெரிய கச்சேரிகள் சினிமாத் தியேட்டர்களில் நடந்தன. ஒரே மாலையில் இரண்டு காட்சிகள். நகைச்சுவை நடிகர் ஒருவர் அறிவிப்பாளர். நாலைந்து பாடகர்கள் வந்து போன பிறகு, கடைசியில் அரை மணிக்கும் குறைவாக நட்சத்திரம். அமெரிக்கர் பட்டி ஹாலி 1958 மார்ச்சில் இருபத்தைந்து நாள் ஊர் ஊராகப் பாடினார். அதற்கு முந்தைய வருடம், 1957 பிப்ரவரி 5ல், பில் ஹேலி சவுதாம்ப்டனில் கப்பலிலிருந்து இறங்கித் தனி இரயிலில் இலண்டன் வாட்டர்லூ வந்தபோது, நிலையத்தில் திரண்ட கூட்டத்தைப் பத்திரிகைகள் இரண்டாவது வாட்டர்லூ யுத்தம் என்றே வர்ணித்தன. அன்று பணியிலிருந்த நிலைய அதிகாரியை நினைத்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது. ஒலிபெருக்கி விஷயத்திலும் எளிமைதான். 1958ல் வந்த வாக்ஸ் கம்பெனியின் புகழ்பெற்ற கிதார் ஆம்ப்ளிஃபயரின் திறன் வெறும் 15 வாட். பெண்பிள்ளைகள் போட்ட கூச்சலில் பாட்டு எங்கே கேட்டிருக்கும்?

உண்மையான பயிற்சிக்களம் காப்பிக் கடைகளின் நிலவறைகளே. இலண்டன் சோஹோவில் 'டூ ஐஸ்' என்று ஒரு கடை. முன்பு அதை வைத்திருந்த இரானி சகோதரர்களின் பெயரெழுத்தால் வந்த பெயர். கிளிஃப் ரிச்சர்ட் அங்கே பாடியவர்தான். அந்தக் கடையைத் தொலைக்காட்சியில் பார்த்த லிவர்பூல் அம்மையார் ஒருவருக்கு நம் வீட்டிலும் நிலவறை இருக்கிறதே என்று தோன்றியது.

அவர் மோனா பெஸ்ட். தில்லியில் பிறந்தவர், பீட்டின் தாயார். 1945 இறுதியில் குடும்பத்தோடு கப்பலில் லிவர்பூல் வந்து இறங்கியவர். 1954 டெர்பி குதிரைப் பந்தயத்தில் நகைகளை அடகு வைத்த பணத்தை ஒரு குதிரை மேல் கட்டி, 33க்கு 1 என்று ஜெயித்தார்; 1957ல் வாங்கிய பெரிய வீட்டுக்கு அந்தப் பணம் உதவியது என்று குடும்பத்தார் சொல்கிறார்கள். (தங்கவயல்காரன் சொல்கிறேன், நகை விஷயத்தில் இதை யாரும் பின்பற்ற வேண்டாம்.) பையன்கள் கூடிப் பாட இடமில்லாமல் இருந்தபோது அவர் நிலவறையைத் திறந்துவிட்டார். சுவருக்கும் கூரைக்கும் வண்ணம் அடித்தவர்களில் ஜான் லெனனும் பால் மக்கார்ட்னியும் உண்டு. 'காஸ்பா' என்று பெயரிட்டு 1959 ஆகஸ்டு 29ல் திறந்தார்கள். காப்பியும் குளிர்பானமும் உண்டு, மது கிடையாது. லெனன், மக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், கென் பிரவுன் ஆகிய நால்வரும் பாடினார்கள். டிரம்ஸ் வாசிக்க ஆளே இல்லை. நால்வருக்கும் சேர்த்துச் சம்பளம் மூன்று பவுண்டு.

சில வாரங்களில் ஒரு தகராறு. பிரவுன் உடம்பு சரியில்லாமல் வாசிக்காத இரவுக்கும் மோனா அவருடைய பங்கு 15 ஷில்லிங்கைக் கொடுத்துவிட்டார். மற்ற மூவரும் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். என்னைக் கேட்டால் அந்த அம்மாள் செய்தது சரி. மூவரும் பின்பு திரும்பி வந்தார்கள். 1960 ஆகஸ்டில் ஜெர்மனி போக டிரம்ஸ்காரர் தேவைப்பட்டபோது அவர்கள் அழைத்தது அந்த வீட்டுப் பையன் பீட்டைத்தான்.

1962 ஜூனில் காஸ்பா மூடப்பட்டது. அடுத்த ஆகஸ்டு 16ல், முதல் இசைத்தட்டு வெளிவருவதற்குச் சில வாரங்கள் முன்பு, பீட்டைக் குழுவிலிருந்து விலக்கினார்கள். பிறகு அவர் பேக்கரியில் ரொட்டி ஏற்றினார். அதன் பின் இருபது வருடம் அரசு ஊழியர். அந்த வீடு 2006ல் பாதுகாக்கப்பட்ட கட்டிடமாக அறிவிக்கப்பட்டது. மக்கார்ட்னி தீட்டிய வானவில் கூரையில் அப்படியே இருக்கிறது. பிள்ளைகளைப் பார்க்க லிவர்பூல் பக்கம் போகும் அன்பர்கள், முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு ஒரு நடை போய்ப் பார்க்கலாம்.